சந்தனம் அடைத்த துளைகள்

ஆயுத பூஜையன்று அந்தப் பழைய நீராவி எஞ்சினில் தீ மூட்டுவது என்று எல்லோரும் முடிவு செய்தபோது, வேண்டாம் என்று சொல்லக்கூடிய இடத்தில் நான் ஒருவன்தான் இருந்தேன். உலோகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், கொதிகலனைப் பற்றிய கடைசிச் சொல் என்னுடையது என்று அவர்களாகவே வைத்திருந்தார்கள். சரி என்று சொல்லவும் எனக்கு அச்சமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் அச்சமாக இருந்தது.

இரண்டாவது அச்சத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு முன்பே இருமுறை வேலையை நிறுத்தியிருந்தேன். கொதிகலனில் குளிர்ந்த நீரை நிரப்பி அழுத்திச் சோதித்த அன்று, அடித்தகட்டில் ஒரு சொட்டைக் கண்டு நிறுத்தச் சொன்னேன். அது மேலே வைத்திருந்த வாளியிலிருந்து வழிந்த நீர். பிறகொரு நாள், அழுத்தம் ஏற்றாமல் வெறுமனே சூடு காட்டியபோது, உள்ளே ஏதோ தெறித்த ஓசை கேட்டு விறகை வெளியே இழுக்கச் சொன்னேன். அது சாம்பல் தட்டின் தகரம் சூட்டில் விரிந்த ஓசை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. மீஞ்சூரிலிருந்து வரும் டிரைவர் மட்டும் சிரித்தார். மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சிறு வயதில் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்டவர்.

"சாரு நம்மளுக்கு ஒரு செயின் மாதிரி. எப்போ வேணா இழுப்பாரு, வண்டி நின்னுடும்," என்றார்.

"சும்மா இழுத்தா ஃபைன் கட்டணும் இல்ல?" என்றாள் எங்களோடு வேலை செய்யும் வெல்டர்.

"சாருக்கு ஃபைன் இல்ல. சீனியர் சிட்டிசன்."

நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி என்னைத் தொடர்ந்தது. என்னை நிறுத்தச் சொல்வது நான் கற்ற கல்வியா, அல்லது என் வீட்டில் நேர்ந்ததா? இரண்டும் ஒரே குரலில் பேசத் தொடங்கியிருந்தன.

எஞ்சின் நிற்பது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் பின்புறம், ஒரு பழைய இரும்பு வியாபாரியின் யார்டில். பழவேற்காட்டு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்கள் எல்லோருக்கும் அவர் பாய். ஆந்திர எல்லைக்கு அப்பால் மூடப்பட்ட ஒரு சர்க்கரை ஆலையிலிருந்து ஏலத்தில் எடுத்த அந்தச் சிறிய எஞ்சினை அவர் வெட்டாமல் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொல்வார். "வெட்டறதுக்கு கேஸ் சிலிண்டர் வரல," என்பார். இன்னொரு நாள், "அதுக்கு மூஞ்சி கீது சார். மூஞ்சி இருக்கறத எப்படி வெட்டறது?" என்பார்.

அதை ஓட வைக்கலாம் என்று முதலில் சொன்னவன் என் மகன். தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் பொறியாளனாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு எஞ்சினின் துருவைச் சுரண்டத் தொடங்கினான். யார்டின் ஓரமாக அரைக் கிலோமீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, 'பாரம்பரிய ரயில்' என்று தகரப் பலகை ஒன்றையும் எழுதி நட்டான். பலகை நட்ட ஆண்டிலேயே, அவன் வேலை செய்த ஆலையில் ஒரு நீராவிக் குழாய் வெடித்து இறந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

சில மாதங்களுக்குப் பிறகு நான் அந்த யார்டுக்குப் போனேன். மகன் விட்ட வேலையை முடிக்க வந்த தந்தை என்று அவர்கள் என்னை எண்ணியிருக்கலாம். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் போனதன் காரணம் வேறு. அந்தக் கொதிகலன் இன்னொருவரைக் கொல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கொதிகலனின் பின்பகுதியில் இருப்பது தீப்பெட்டகம். ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி. உள்ளே நெருப்பு, இரண்டு சுவர்களுக்கும் நடுவே கொதிக்கும் நீர். நீராவியின் அழுத்தம் அந்த இரு சுவர்களையும் ஒன்றிலிருந்து மற்றொன்றை விலக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். அவை பிரிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை, ஸ்டே என்று சொல்லப்படும் இரும்பு ஆணிகள். நூற்றுக்கணக்கான ஆணிகள் வரிசை வரிசையாக, ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு. ஓர் ஆணி முறிந்தால் அதன் சுமையைப் பக்கத்தில் இருப்பவை ஏற்றுக்கொள்ளும். அவையும் களைத்து முறிந்தால் பிறகு ஏற்றுக்கொள்ள யாரும் இல்லை.

அதனால்தான் ஒவ்வோர் ஆணியின் வெளித் தலையிலும், பச்சைப் பயறு நுழையும் அளவுக்கு, ஒரு சிறு துளை இருக்கும். ஆணியின் உள்ளே கொஞ்ச தூரம் போய் முட்டி நின்றுவிடும் துளை. ஆணியில் வெடிப்பு விழுந்து அந்தத் துளையை எட்டினால், நீரோ நீராவியோ அதன் வழியாக வெளியே கசியும். வெளியே நிற்பவன் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்வான். பாடநூலில் அதற்கு ஒரு பெயர் உண்டு. எங்கள் யார்டில் அதன் பெயர் போட்டுக்குடுக்கிற ஓட்டை. பெயர் வைத்தவள் வெல்டர். தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலையில் வாரம் முழுவதும் இரும்பை ஒட்டிவிட்டு, ஞாயிறன்று இங்கே வந்து கூலியில்லாமல் ஒட்டுபவள். என் மகன் சேர்த்த நாலு பேரில் அவளும் ஒருத்தி.

"உள்ள நடக்கறத வெளில வந்து போட்டுக் குடுக்குது இல்ல சார்? எங்க கம்பெனி சூப்பர்வைசர் மாதிரி," என்று விளக்கினாள்.

பழுதென்று தெரிந்த ஆணிகளை அவள் மாற்றினாள். மற்ற ஆணிகளைச் சுத்தியலால் தட்டிக் கேட்டோம். நல்ல ஆணி மணிபோல் ஒலிக்கும். முறிந்தது மரம்போல் ஒலிக்கும். என் மகன் உயிரோடு இருந்தபோது அவனும் அவளும் எல்லாவற்றையும் தட்டியிருந்தார்கள். நான் வந்த பிறகு மீண்டும் ஒன்றுவிடாமல் தட்டினேன். அரசின் கொதிகலன் ஆய்வாளர் வந்து குளிர்நீர்ச் சோதனையைப் பார்த்து, ஒப்புதல் தந்துவிட்டுப் போனார். இனி வேண்டாம் என்று சொல்ல என்னிடம் அச்சத்தைத் தவிர வேறு காரணம் இருக்கவில்லை. ஆயுத பூஜைக்குச் சரி என்று சொன்னேன்.

பூஜையன்று காலை திருவள்ளூரில் என் மனைவி சுண்டல் தாளித்து ஒரு தூக்கில் போட்டுக் கொடுத்தாள். எஞ்சினைப் பற்றி அவள் எதுவும் கேட்பதில்லை. அன்றும் கேட்கவில்லை. செருப்பை மாட்டும்போது, "ஆனதும் ஒரு போன் பண்ணிடுங்க," என்றாள். பேசின் பிரிட்ஜில் இறங்கி வண்டி மாறிக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேரும்வரை, 'ஆனதும்' என்று அவள் எதைச் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் விடியற்காலையிலேயே தீ மூட்டிவிட்டார்கள். கொதிகலன் மெல்லச் சூடேற வேண்டும் என்பது நானே சொல்லியிருந்ததுதான். புகைபோக்கிக்கு மாலை போட்டிருந்தார்கள். சக்கரத்தின் முன்னால் எலுமிச்சம்பழங்கள் காத்திருந்தன. இரவுப் பணி முடிந்த தொழிலாளர்கள் சிலர் பையைத் தோளில் மாட்டியபடியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய் புதுச் சட்டையில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் பொரியும் கடலையும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தீப்பெட்டகத்தின் வெளிச் சுவரைத் தகடு போட்டு மூடாமல் வைத்திருந்தோம், துளைகளைப் பார்ப்பதற்காக. அந்தச் சுவரைக் கண்டதும் நின்றுவிட்டேன். ஆணித் தலைகள் அத்தனையிலும் சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம். வரிசை பிசகாமல், ஒன்றைக்கூட விடாமல், யாரோ பொட்டு வைத்திருந்தார்கள்.

டிரைவரின் மனைவி ஆரத்தித் தட்டோடு என் பக்கத்தில் வந்து நின்றார். "எப்படி கீது சார்? ராத்திரியே அரைச்சு எடுத்தாந்தேன். நானும் நம்ம வெல்டர் பொண்ணும் விடிகாலைல வெச்சோம். வட்ட வட்டமா, பொட்டுக்குன்னே செஞ்சு வெச்ச மாதிரி கீது."

அழகாகத்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் தையல் எந்திரம் முதல் லாரி வரை எல்லாவற்றுக்கும் அன்று பொட்டு உண்டு. என் பணிக்காலம் முழுவதும் ஆய்வகத்தின் சோதனை எந்திரங்களுக்கு மாணவர்கள் இப்படித்தான் பொட்டு வைப்பார்கள். நான் கற்பூரத் தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவேன். அந்தப் பழக்கம் என் கண்ணையும் கொஞ்ச நேரம் கட்டிவிட்டது. நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். சொல்லி முடித்தபின் ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. என்ன என்று உடனே விளங்கவில்லை.

டிரைவரும் வெல்டரும் எஞ்சின் மேல் இருந்தார்கள். அவள் சவுக்குக் கட்டைகளைத் தீவாயில் தள்ளிக்கொண்டிருந்தாள்; அவர் அழுத்தமானியைப் பார்த்து முள் ஏற ஏறச் சொல்லிக்கொண்டிருந்தார். முள் சிவப்புக் கோட்டுக்குப் பாதி தூரம் வந்ததும் எஞ்சினை நகர்த்தி எலுமிச்சம்பழத்தை நசுக்குவது என்பது திட்டம்.

"இன்னா சார், அங்கியே நின்னுகினு கீற? மேல வா," என்று கூப்பிட்டார்.

"இங்கேயே இருக்கிறேன்," என்றேன்.

டிரைவரின் மனைவி எஞ்சினுக்கு ஆரத்தி சுற்றி, செந்நீரைக் கையால் அள்ளிச் சுவரின்மேல் தெளித்தார். சூட்டில் அது சுருசுருவென்று காய்ந்தது. அவர் போன பிறகு நான் சுவரோரமாக, மேல் வரிசைகளைப் பார்த்தபடி நடந்தேன். மூலைக்கு அருகே இருந்த ஒரு பொட்டு மட்டும் நிறம் மாறியிருந்தது. மற்றவற்றில் சந்தனம் வெளுத்துக் காய்ந்திருக்க, இதில் கறுத்து ஈரமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குங்குமம் கரைந்து, இரும்பின்மேல் மெல்லிய சிவப்புக் கோடாக இறங்கியது.

ஆரத்தி நீர் என்று நினைத்தேன். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். இன்னொரு வாளித் தண்ணீர், இன்னொரு தகர ஓசை. சங்கிலியை மூன்றாம் முறையும் வெறுமனே இழுத்த கிழவனாக அத்தனை பேர் முன்னிலையில் நிற்க வேண்டும். மாறாக, அது ஆரத்தி நீர் இல்லையென்றால், அந்தச் சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் வெல்டர் குனிந்து விறகு தள்ளிக்கொண்டிருக்கிறாள். என் உள்ளங்கைகள் வியர்த்துவிட்டன. ஆரத்தி நீர் காய்ந்துவிட்டதே, இது ஏன் காயவில்லை என்று எனக்குள் ஒருவன் கேட்டான். அவன் ஆசிரியனா தந்தையா என்று பிரித்தறிய நேரமில்லை.

யார்டைப் பெருக்கிய தென்னந் துடைப்பம் சுவரோரம் சாய்ந்திருந்தது. அதிலிருந்து ஓர் ஈர்க்கை உருவினேன். முதலில் பக்கத்தில் காய்ந்திருந்த ஒரு பொட்டைக் குத்தினேன். சந்தனம் கட்டியாக உள்ளே போயிற்று. துளை முழுவதும் சந்தனம். அப்போதுதான் குறைவது எதுவென்று விளங்கியது. சுவரில் துளைகளே இல்லை. போட்டுக்கொடுக்க வேண்டிய வாய்கள் அத்தனையையும் நாங்கள் பூஜை செய்து அடைத்திருந்தோம்.

ஈரமாக இருந்த பொட்டைக் குத்தினேன். ஈர்க்கு கையிலிருந்து தெறித்தது. வெள்ளை நூல்போல ஒரு நீராவி சீறிக்கொண்டு என் காதோரமாகப் போனது.

அதன் கீழே இருந்த பொட்டைக் குத்தினேன். அதுவும் சீறியது.

"நெருப்பை இறக்குங்கள்," என்றேன். குரல் எழும்பவில்லை போலும். டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா சார், செயினா?"

"இரண்டு ஆணி. பக்கத்துப் பக்கத்தில். மற்றவை எப்படி இருக்கின்றன என்று தெரியாது. எல்லாத் துளையும் அடைத்திருக்கிறது."

அவர் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. அதன் பிறகு அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கொதிகலனுக்குள் நீரை ஏற்றும் திருகைத் திறந்தார். "தங்கச்சி, கட்டைய நிறுத்து. கீழ தள்ளு, எல்லாத்தையும் கீழ தள்ளு," என்றார். பாய் கையிலிருந்த பொரித் தட்டைப் போட்டுவிட்டு, "நவுரு, நவுரு, எல்லாரும் கேட்டாண்ட போ!" என்று கூட்டத்தை விரட்டினார்.

தீயை இறக்குவது உடனே முடிகிற வேலை அல்ல. தீவாயின் முன்னால் நின்று, நீண்ட கொக்கியால் எரியும் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே சாம்பல் தட்டுக்குத் தள்ள வேண்டும். அவள்தான் நின்றாள். கொக்கி போகும், வரும். அவள் முகத்தில் நெருப்பின் வெளிச்சம் விழும், மறையும். என் மகனுக்கு அவள் வயதுதான். சுவருக்கு அருகே என்னால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. பாய் என் கையைப் பிடித்து இழுத்தார். "வா சார், இங்க நின்னு இன்னா பண்ணப் போற?" நான் வரவில்லை. இன்னோர் ஈர்க்கை உருவி, மற்றப் பொட்டுகளை வரிசையாகக் குத்திக்கொண்டே போனேன். குத்தும் ஒவ்வொரு முறையும் கண்ணை மூடிக்கொண்டேன் என்பதைப் பிறகு பாய் சொல்லித்தான் அறிந்தேன்.

வேறெந்தத் துளையும் சீறவில்லை. முள் இறங்கத் தொடங்கியது. சீறிக்கொண்டிருந்த இரண்டும் மெல்லத் தணிந்து, முனகி, சொட்டி, நின்றன. வெல்டர் இறங்கி வந்து தரையில் உட்கார்ந்து, தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

சுவரைப் பார்த்தாள். "பொட்டு வெச்சது நான் சார்," என்றாள். "ஓட்டைக்குப் பேரு வெச்சதும் நான். ரெண்டையும் ஒண்ணா யோசிக்கல பாருங்க."

"நானும்தான் பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்," என்றேன்.

டிரைவரின் மனைவி தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். டிரைவர் அவரிடம் போனார். "இன்னாத்துக்கு அழுவுற? உன் குங்குமம் கரைஞ்சதாலதான் சாரு கண்டுபுட்ச்சாரு. வெறும் ஓட்டைல வெள்ளைப் புகை வந்தா யாருக்குத் தெரியும்?" அது உண்மையில்லை; வெறும் துளையானால் இன்னும் முன்பே தெரிந்திருக்கும். நான் திருத்தவில்லை.

மனைவிக்குப் போன் செய்தேன். நிறுத்திவிட்டோம் என்றேன். "சுண்டல் எல்லாருக்கும் கொடுத்தீங்களா?" என்று கேட்டாள்.

கொதிகலன் நன்றாக ஆறிய பிறகு, அந்த இரண்டு ஆணிகளையும் வெல்டர் அறுத்தெடுத்தாள். முதலாவதை என் கையில் கொடுத்தாள்.

முறிந்த இரும்பின் முகத்தைப் படிப்பது என் தொழில். நாட்பட்டு ஊர்ந்த வெடிப்பு கறுத்திருக்கும். கடைசியாகப் பிளந்த இடம் பளபளக்கும். மகன் இறந்த பிறகு, வெடித்த அந்தக் குழாயைப் பார்க்க வேண்டும் என்று ஆலையில் கேட்டேன். பழைய இரும்புக்குப் போய்விட்டது என்றார்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: எவ்வளவு கறுப்பு, எவ்வளவு பளபளப்பு. கறுப்பு மிகுதியென்றால் யாரோ முன்பே அறிந்திருக்கலாம் என்று பொருள். அப்படித்தான் நான் கற்பித்திருந்தேன். அந்த ஒரு விடை கிடைத்தால் போதும் என்று இருந்தேன்.

இந்த ஆணியின் முகம் ஏறக்குறைய முழுவதும் கறுப்பு. துளையின் ஓரத்தில் மட்டும் நகக்கண் அளவு பளபளப்பு. நாங்கள் எவரும் அந்த எஞ்சினைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கிய வெடிப்பு, ஆணியின் வெளிப்புறத்திலிருந்து ஊர்ந்து ஊர்ந்து, அன்று காலைதான் துளையை எட்டியிருக்கிறது. இதைத்தான் என் மகன் தட்டினான். இதைத்தான் நான் தட்டினேன். குளிர்ந்த இரும்பில் வாய் மூடிக் கிடந்த வெடிப்பு எங்கள் இருவரின் சுத்தியலுக்கும் மணிபோலத்தான் ஒலித்தது. இத்தனை கறுப்பு இருந்தும் யாரும் அறிந்திருக்கவில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன் போலும். பாய் அருகில் வந்து குந்தினார்.

"அந்தக் குழாய நான் தேடாத யார்டு இல்ல சார்," என்றார். அவரிடம் நான் குழாயைப் பற்றிப் பேசியதே இல்லை. "புழல் வரைக்கும் போனேன். நாயுடுபேட்டை வரைக்கும் போனேன். உருக்கிட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

"இருக்கட்டும்," என்றேன். "கிடைத்திருந்தாலும் அது சொல்லியிருக்காது."

அவருக்கு அது விளங்கியிருக்க வழியில்லை.

ஆணிகளை மாற்றி, மீண்டும் நீர் அழுத்தம் பார்த்து, பொங்கலுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் தீ மூட்டினோம். டிரைவரின் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து தள்ளியே நின்றார்.

"நான் எங்கயும் வெக்கல சார். நீங்களே சொல்லுங்க, எங்க வெக்கட்டும்? ஒண்ணுமே இல்லாம மூளியா கீதே."

முன்பக்கக் கதவைக் காட்டினேன். அங்கே தட்டு அகலத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். பிறகு வெல்டர் எஞ்சின்மேல் ஏறுவதற்கு முன், இரும்புக் கம்பி ஒன்றை என்னிடம் நீட்டினாள். "ஒரு தடவ நீங்க குத்திப் பாருங்க சார். அப்பறம் ஏர்றேன்," என்றாள். ஒவ்வொரு துளையிலும் கம்பியை விட்டு எடுத்தேன். எல்லாம் திறந்திருந்தன. சரி என்றேன்.

முள் ஏறியது. என் உள்ளங்கைகள் முன்போலவே வியர்த்தன. அந்த அச்சம் போய்விடும் என்று இப்போது நான் எதிர்பார்ப்பதில்லை. டிரைவர் ஊதலை இழுத்தபோது யார்டு நாய்கள் எல்லாம் ஓடின. பாய் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எஞ்சின் அசைந்து, என் மகன் நட்ட பலகை வரைக்கும் போய் நின்றது. நான் சுவரின் பக்கமாக, அதனோடு நடந்துபோனேன். துளைகளைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அவை உலர்ந்திருந்தன.